கேமராவில் கோளாறு இல்லை

தங்கையின் நிச்சயதார்த்தத்தில் நான் எடுத்த முந்நூற்றுச் சொச்சம் படங்களில் ஒன்றுகூடத் தெளிவாக இல்லை.

படம் பிடிக்க வெளியாள் வேண்டாம், நான் எடுக்கிறேன் என்று நானாகத்தான் முன்வந்தேன். டிஜிட்டல் கேமரா வாங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. சுங்கை ஆயர் தாவாரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் புக்கிட் பெலிம்பிங்கில் எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கியதிலிருந்து, கடைசி ஆள் சாப்பிட்டுக் கை கழுவியதுவரை சுற்றிச் சுற்றி எடுத்தேன். கேமராவின் சின்னத் திரையில் எல்லாம் நன்றாகத்தான் தெரிந்தன. மறுநாள் மடிக்கணினியில் போட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. மோதிரம் போடும் படத்தில் விரல் எது, மோதிரம் எது என்று சொல்ல முடியவில்லை.

"என்னக்கா இது, எல்லாம் பனியில எடுத்த மாதிரி இருக்கு?" என்றாள் தங்கை. ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனவளுக்குக் குரல் மாறியது. "மறுபடியும் போயி மோதிரம் போடச் சொல்ல முடியுமா? கல்யாணத்துக்கு நான் ஆள் பாத்துக்கிறேன். நீ சும்மா வந்து நில்லு, போதும்."

கல்யாணத்துக்கு ஐந்து மாதம் இருந்தது. அதற்குள் தெளிவான படம் எடுத்துக் காட்டிவிடுவது என்று வீம்பு வந்துவிட்டது எனக்கு. நான் பள்ளிக்கூட அலுவலகத்தில் கடிதம் தட்டச்சு செய்யும் கிராணி. சாப்பாட்டு நேரத்தில் கைப்பேசியில் காணொளிகளாகப் பார்த்தேன். லென்ஸின் குவியத் தூரம் ஐம்பது மில்லிமீட்டர் என்றால் ஷட்டர் ஐம்பதில் ஒரு பங்கு வினாடிக்கு மேல் திறந்திருக்கக் கூடாது. ஃபோகஸ் புள்ளியைக் கேமராவின் இஷ்டத்துக்கு விடாமல் கண்ணின் மேல் நாமே வைக்க வேண்டும். லென்ஸின் துளையை முழுக்கத் திறந்து வைக்காமல் சற்றுக் குறைக்க வேண்டும். எல்லாவற்றையும் எழுதி மேசையில் ஒட்டிக்கொண்டேன். வேலை முடிந்ததும் கோலா சிலாங்கூரில் மலாவாத்திக் குன்றில் ஏறி, அங்கே திரியும் சாம்பல் நிறக் குரங்குகளை எடுத்துப் பழகினேன். குரங்கு அசையாமல் உட்கார்ந்திருந்தது. படத்தில் மட்டும் அசைந்திருந்தது.

அந்த மாதங்களில் எனக்கு எதிலும் பொறுமை இல்லை. வரிசையில் நிற்க முடியாது. அடுப்பில் தண்ணீர் கொதிப்பதற்குள் மூன்று தடவை மூடியைத் திறந்து பார்ப்பேன். இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டேன், ஆனால் பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. அலுவலகத்தில், "டயட்டா? எங்களுக்கும் சொல்லுங்களேன்" என்று கேட்டார்கள். காற்றாடிக்கு நேர் கீழே உட்கார்ந்தும் வியர்த்தது. என் வீட்டுக்காரர் தோட்டத்திலிருந்து எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். அவர் வந்து சாவியை மேசைமேல் வைக்கிற சத்தத்துக்கே கத்துவேன்.

"செத்த ஒரு எடத்துல உக்காரேன் லா," என்பார்.

"படம் சரியா வரலன்னா நீங்க உக்காருவீங்களா?" என்பேன். எல்லாவற்றுக்கும் அந்தக் கேமராதான் காரணம் என்று நம்பினேன்.

ஒரு சனிக்கிழமை பஸ் ஏறிக் கிள்ளானுக்குப் போனேன். கேமரா பழுது பார்க்கும் கடையில் இருந்தவர் என் வயதுப் பெண், தமிழ்க்காரர்தான். லென்ஸில் கோளாறு என்று நான் அடித்துச் சொன்னேன். அவர் மறுத்துப் பேசவில்லை. சுவரில் ஒரு செய்தித்தாளை ஒட்டினார். கேமராவை முக்காலியில் மாட்டி, தானாக எடுக்கும்படி நேரம் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். பொடி எழுத்தின் புள்ளிகூட ஊசி குத்தியதுபோல் இருந்தது.

"இப்ப நீங்க கையில புடிச்சு எடுங்க. எதையும் மாத்தாதீங்க."

எடுத்தேன். ஒவ்வோர் எழுத்தும் இரண்டாகத் தெரிந்தது.

"அக்கா, கேமராவுல ஒன்னும் இல்ல," என்றார். "உங்க கை ஆடுது."

"எல்லாருக்கும்தான் ஆடும்."

"எல்லாருக்கும் ஆடும்கா. இவ்ளோ ஆடாது. தப்பா நினைக்காதீங்க, ஒருக்கா டாக்டரப் பாத்துருங்க."

தப்பாகத்தான் நினைத்தேன். கேமராவைப் பையில் திணித்துக்கொண்டு, நன்றிகூடச் சொல்லாமல் வெளியே வந்தேன். திரும்பி வரும் வழியெல்லாம் என் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். பஸ் குலுங்கிய குலுக்கலில் ஒன்றும் தெரியவில்லை.

வீட்டில் நாள்காட்டித் தாளைச் சுவரில் ஒட்டி நானே சோதித்தேன். புத்தக அடுக்கின்மேல் கேமராவை வைத்து இருபது படம், கையில் பிடித்து இருபது. முதல் இருபதும் கண்ணாடி மாதிரி. பின்னாலுள்ள இருபதில் ஒன்றுகூடத் தேறவில்லை. வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் படங்களைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "திங்கக்கெழம லீவு போடு," என்றார்.

கிளினிக்கில் டாக்டர் ஒரு மலாய்க்காரப் பெண். என் இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லி, விரல்களை விரிக்கச் சொல்லி, அவற்றின்மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். காற்று இல்லாத அந்த அறையில் தாளின் ஓரம் படபடவென்று அடித்தது. அவ்வளவு நாளும் படங்களில் விழுந்திருந்தது இதுதான். கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், நாடி எண்ணினார், ரத்தம் எடுத்தார். அடுத்த வாரம் முடிவு வந்தது. கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்கிறதாம். உடம்பு முழுவதையும் அதுதான் விரட்டிக்கொண்டிருக்கிறதாம். மாத்திரை தினமும் போட வேண்டும், குணமாகச் சில மாதங்கள் ஆகும் என்றார்.

தங்கையிடம் சொன்னேன். மன்னிப்பெல்லாம் கேட்கிறவள் இல்லை அவள். "கல்யாணத்துக்கு ஆள் சொல்லியாச்சு. ஆனா நீயும் எடு அக்கா," என்றாள்.

கை முழுதாக அடங்குவதற்குள் கல்யாணம் வந்துவிட்டது. ஆகவே ஆடுகிற கையோடு எடுப்பதற்கு வழி தேடினேன். கோயில் மண்டபத்துத் தூணில் தோளைச் சாய்த்தேன். முழங்கைகளை விலாவோடு ஒட்டினேன். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, பொத்தானைக் குத்தாமல் மெதுவாக அமுக்கி, மூன்று மூன்றாக எடுத்தேன். பெரும்பாலும் நடுவில் உள்ளது தேறியது. ஷட்டர் வேகத்தைக் கூட்டி வைத்ததால் மண்டப வெளிச்சம் போதவில்லை, படத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள். இருக்கட்டும் என்று விட்டேன். நாற்பது படம் நின்றது. அதில் ஒன்று: மாப்பிள்ளையின் புருவத்தில் சிக்கிய அட்சதை அரிசியைத் தங்கை இரண்டு விரலால் எடுக்கிறாள். அவளுடைய இமை மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கிறது.

மறுவீட்டு விருந்துக்குப் போனபோது தங்கையிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தாள். "மூக்கு மேல இருக்கிற பருகூடத் தெரியுதேக்கா!"

"அழிச்சிரட்டா?"

"ஐயோ, வேணாம். எனக்கு அனுப்பு."

அன்று சுங்கை ஆயர் தாவாரிலிருந்து திரும்பும்போது, காரில் வீட்டுக்காரரிடம் வெகுநாளாக மனதில் கிடந்ததைக் கேட்டேன். "அந்த மாசங்கள்ல உங்கள அவ்வளவு திட்டினேனே, அது சீக்கா, இல்ல நான்தானா?"

அவர் சாலையைப் பார்த்தபடி கியரை மாற்றினார். "பாதி பாதி லா," என்றார்.

எந்தப் பாதி என்று கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அவருக்கும் தெரிந்திருக்காது. மாத்திரை போட ஆரம்பித்ததிலிருந்து உடம்பு அடங்கி வருகிறது, எடை கூடுகிறது, ஒரு கடிதம் தட்டச்சு செய்யக் காலை முழுவதும் ஆகிறது. அந்தப் பழைய வேகம் சில நாள் வேண்டும்போல் இருக்கிறது என்று அவரிடம் சொல்லவில்லை. கார்க் கண்ணாடியை ஏற்றுவதும் இறக்குவதுமாக வந்தேன்.

"விடேன்," என்றார்.

விட்டேன். கொஞ்ச தூரத்துக்கு.