எல்லாப் புள்ளியும் சிவந்த நாள்

இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு எங்கள் வகுப்பில் பாதிப் பேர் நூலக மேலாண்மையை எடுத்திருந்தார்கள், மீதிப் பேர் சம்பளப் பட்டியலை. வருடா வருடம் இந்த இரண்டுதான், அட்டையில் பெயர் மட்டும் மாறும். எனக்கு அதில் கை வைக்கவே பிடிக்கவில்லை. கல்லூரியில் எந்தக் கம்ப்யூட்டர் எதோடு இணைந்திருக்கிறது என்று திரையில் படமாகக் காட்டும் மென்பொருள் எழுதப்போவதாகச் சொன்னேன்.

ப்ராஜெக்டுக்கு அனுமதி தரவேண்டிய பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"முந்திரி வெளையற ஆண்டிமடத்துப் பொண்ணுதானே நீ? அதான் முந்திரிக்கொட்டையாட்டம் முந்திக்கிட்டு நிக்கிற. படம் வரையறதெல்லாம் ஒரு ப்ராஜெக்டாம்மா? ஆயுத பூஜை லீவு முடிஞ்சு வா. அது எதுக்கு உதவும்னு காட்டு. இல்லன்னா லைப்ரரிய எடுத்துக்க."

காட்டியே தீருவது என்று எனக்கு வெறி வந்துவிட்டது. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து பிரவுசிங் சென்டரில், முகம் தெரியாத யாரோ எழுதி இலவசமாக வைத்திருந்த நிரல்களை இறக்கி அச்செடுத்தேன். அரியலூர் பஸ்ஸில் தாள்களை மடியில் விரித்து, எந்த ஃபைல் எதைக் கூப்பிடுகிறது என்று பென்சிலால் கோடு போட்டுப் படித்தேன். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் ஜாதகம் என்று நினைத்திருப்பார்கள். ஒருவழியாக என் படம் வந்தது. ஒவ்வொரு கம்ப்யூட்டரும் ஒரு புள்ளி. கூப்பிட்டால் பதில் சொல்வது பச்சை, சொல்லாதது சிவப்பு.

லீவு முடிந்து போனால், கல்லூரி முழுக்க நெட்வொர்க் படுத்துவிட்டிருந்தது. லேப் திரையில் என் படத்தைப் போட்டால் எல்லாப் புள்ளியும் சிவப்பு. வைரஸ் என்றார்கள், திருச்சியிலிருந்து ஆள் வரவேண்டும் என்றார்கள்.

"எல்லாம் செத்துக் கெடக்குன்னு எங்களுக்கே தெரியுதே. ஒன் படம் புதுசா என்னம்மா சொல்லுது?" என்றார் பேராசிரியர்.

சுருக்கென்றது. தோழியைத் திரை முன்னால் உட்காரவைத்துவிட்டு, நெட்வொர்க் வயர்களெல்லாம் வந்து சேரும் பெட்டியான நடு ஸ்விட்சிலிருந்து ஒவ்வோர் அறைக்கும் போகும் வயரைப் பிடுங்குவதும் செருகுவதுமாக இருந்தேன். ஒரு வயரைப் பிடுங்கியதும், "வந்துருச்சுடி!" என்று கத்தினாள். ஓடிப்போய்ப் பார்த்தால் படம் மளமளவென்று பச்சையாகிக்கொண்டிருந்தது. மூலையில் மூன்று புள்ளிகள் மட்டும் மாறவில்லை. அவை பேராசிரியரின் அறையில் இருந்த கம்ப்யூட்டர்கள்.

அனுமதி தரவேண்டிய மனிதரிடம் போய், கோளாறே உங்களிடம்தான் என்று எப்படிச் சொல்வது? ஆனாலும் போனேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். பிரச்சினை உங்க ரூம்லதாங்க சார் இருக்கு."

அவர் முகம் மாறியது. நான் அதைப் பார்க்காமல் மேசைக்கடியில் குனிந்தேன். அங்கே சின்ன ஸ்விட்ச் பெட்டி ஒன்று சந்தனமும் குங்குமமுமாக இருந்தது. ஒரே வயரின் இரண்டு முனைகளும் அதே பெட்டியில் செருகப்பட்டிருந்தன. உள்ளே போன தகவல் வெளியே வந்து, மறுபடி உள்ளே போய், சுற்றிச் சுற்றி மொத்த நெட்வொர்க்கையும் அடைத்துவிட்டிருந்தது.

"நாந்தாம்மா மாட்டுனேன்," என்றார் மெதுவாக. "பூஜைக்குத் தொடைக்கிறப்ப ஒரு முனை சும்மா தொங்கிக்கிட்டிருந்துச்சு. நல்ல நாளும் அதுவுமா இப்படித் தொங்குதேன்னு காலி ஓட்டையில செருகி, அதுக்கும் ஒரு பொட்டு வெச்சேன்."

சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டு அந்த முனையைப் பிடுங்கினேன். நடு ஸ்விட்சில் அவர் அறையின் வயரையும் திரும்ப மாட்டினேன். அவர் என்னோடு லேபுக்கு வந்தார். கடைசி மூன்று புள்ளிகளும் பச்சையாவதை நின்று பார்த்தார்.

"இதையே பண்ணும்மா. லைப்ரரி வேணாம்."

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கதவு வரை போனவர் நின்றார்.

"ரிப்போர்ட்ல இத எழுதுவல்ல?"

"வயர யாரு மாட்டுனதுன்னு எழுத மாட்டேங்க சார்."

"எழுதும்மா," என்றார். "இது எதுக்கு உதவும்னு என்னாட்டம் இன்னொருத்தன் கேப்பான்ல?"