அந்தச் செருப்பு என்னுடையது

கணவர் போன துக்கத்தில் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பேசுகிறார்களாம். தவறு. இன்று செஞ்சிக் கடைத்தெருவில் நான் அறுந்த செருப்போடு நடந்ததற்குக் காரணம் உண்டு.

நம் தையல் மையத்தில் செருப்பை வாசலில் வரிசையாக விட வேண்டும். நான் போட்ட சட்டம்.

செங்கல் சூளையை விட்டுவிட்டு எங்களிடம் தையல் கற்கிறாள் ஒடிசாப் பெண் சுமித்ரா. இன்று அவளைத் தேடிச் சூளை மேஸ்திரி வந்தான். அவளை உள்ளறையில் ஒளித்து வைத்தேன். வாசலில் இருந்த அவளது அறுந்த செருப்பை மறந்துவிட்டேன்.

“செம்மண்ணு ஒட்டினு இருக்குதே, இது யாருது டீச்சரம்மா?”

“என்னுது.”

“எங்க, போட்டுக் காட்டுங்க பாக்கலாம்.”

போட்டேன். குதிகால் பாதி வெளியே நின்றது.

அவன் சிரித்தான். “ஒங்களுக்கு இன்னாத்துக்குமா இந்த வம்பு? நாளைக்கு ஆளுங்களோட வந்து அவள இட்னு போறேன்.”

தெருமுனையில் நின்று அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். அதனால் அந்தச் செருப்போடுதான் வீடு வரை நடந்தேன்.

காவல் நிலையத்தில் சொல்லிவிட்டேன். சுமித்ரா நாளையும் வகுப்புக்கு வருவேன் என்கிறாள்.

காலையில் மையத்தில் எங்களோடு வந்து உட்காரப் போவது யார்? இந்த வாட்ஸ்அப் குழுவில் கட்டைவிரல் படம் போட்டால் போதாது. கீழே பெயரை எழுதுங்கள்.