ஒரு டிவி, மூணு பெட்டி

டிவி மாட்டிக் கொடுக்கும் வேலையில், டிவிக்கு முன்னால் நிற்கும் நேரம் குறைவு. சுவருக்கும் அதற்கும் நடுவே கையை விட்டுத் துழாவும் நேரம்தான் அதிகம். டிஷ் பெட்டி, கேமரா பெட்டி, பிள்ளைகளின் கேம் பெட்டி எல்லாம் வாங்கிய பிறகு, டிவியில் ஒரே ஒரு எச்டிஎம்ஐ போர்ட்தான் இருக்கிறதென்று கண்டுபிடித்து முழித்தவரா நீங்கள்? அப்படியென்றால் நீங்களும் நம்ம ஆள்தான். திண்டுக்கல் வட்டாரத்தில் எனக்கு நேர்ந்ததைக் கேளுங்கள்.

ஃபேன் வயர்

தோல் வியாபாரம் செய்யும் ஒரு பாய் கூப்பிட்டிருந்தார். "டிவில ஒரு ஓட்டை, நம்மகிட்ட மூணு பெட்டி. நானே சேத்துட்டேன் தம்பி, படம் மட்டும் வரல" என்றார். டிவியைத் திருப்பினேன். மூன்று கேபிள்களை வெட்டி, உள்ளேயிருந்த மெல்லிய வயர்களை நிறம் பார்த்து முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி ஒரே கட்டாக்கி வைத்திருந்தார்.

"பாய், இதுக்குன்னே சுவிட்ச் பெட்டி கடையில விக்குது" என்றேன். அவருக்கு என் மேல்தான் வருத்தம். "வீட்ல அம்புட்டு ஃபேன் வயரையும் இப்படித்தான் சேத்திருக்கேன், ஒண்ணாச்சும் சுத்தாம நின்னுருக்கா?"

செருப்பு

சிறுமலையில் ஒரு வீட்டில் டிஷ் பெட்டியோடு புதுப் பெட்டி ஒன்றைச் சேர்க்க வேண்டும். பழைய பெட்டியில் விரல் பட்டதுதான் தெரியும், தோள்பட்டை வரை இழுத்துச் சுவரில் தள்ளிவிட்டது. பெட்டியின் தகரம் முழுக்கக் கரண்ட். எழுந்து மெயினை அணைத்தேன். எர்த் போடாமல் இனி எதையும் தொடமாட்டேன் என்றேன்.

அந்த வீட்டு அம்மா பதறவே இல்லை. வாசலில் கிடந்த ரப்பர் செருப்பைக் கொண்டுவந்து என் காலருகே போட்டார். "சொல்ல மறந்துட்டேன் தம்பி, நாங்க செருப்பு போட்டுக்கிட்டுத்தான் அதத் தொடுவோம்."

தாவும் படம்

வடமதுரையில் ரிட்டயரான டீச்சர் ஒருவர் வீட்டில், டிஷ் பெட்டியையும், வீட்டைச் சுற்றி மாட்டிய கண்காணிப்புக் கேமராக்களின் பெட்டியையும் ஒரே போர்ட்டில் சேர்க்க, தானாக மாறும் சுவிட்ச் போட்டுக் கொடுத்திருந்தேன். "கரண்ட் போயிட்டு வந்தா டிவில சர்ச் பூசை பாதியில நின்னு கேமரா வந்துருதுப்பா" என்று புகார். கேமரா பெட்டிக்கு மட்டும் இன்வெர்ட்டர் இணைப்பு இல்லை. கரண்ட் வந்ததும் அது புதிதாக உயிர்பெறும். சுவிட்ச் அதன் பக்கம் தாவிவிடும். ஞாயிறு கழித்து வந்து சரிசெய்கிறேன் என்றேன்.

போனபோது வீடு பூட்டியிருந்தது. போன் போட்டால், ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள். ஞாயிறு காலை கரண்ட் போனதும் டீச்சரின் கணவர் பின்பக்கம் மோட்டாரைப் பார்க்கப் போயிருக்கிறார். டீச்சர் டிவியில் பூசை பார்த்துக்கொண்டிருந்தார். கரண்ட் வந்தது, படம் கேமராவுக்குத் தாவியது. மோட்டார் ரூம் வாசலில் நெஞ்சைப் பிடித்தபடி கணவர் விழுந்து கிடக்கிறார். செத்த நேரம் பிந்தியிருந்தாலும் கஷ்டம்தான் என்றாராம் டாக்டர்.

அவர் நல்லபடியாக வீடு திரும்பியபின் டூல்ஸ் பையோடு போய் நின்றேன். டீச்சர் வாசலிலேயே மறித்துவிட்டார். "காபி சாப்ட்டுப் போ அப்பு, அந்தச் சுவிட்ச்சுல மட்டும் கைய வச்சிராத!"

இத்தனைக்கும் நான் இந்த வேலையில் சேர்ந்தபோது, 'சும்மா உட்கார்ந்து டிவி பார்க்கிற வேலைதானே' என்று சொல்லித்தான் வீட்டில் அனுப்பி வைத்தார்கள்.