பெரியப்பாவை ராக்கெட்டில் ஏற்றிய கோடை

என் பெரியப்பாவைக் கொன்றது நான்தான். அவர் கொடுத்த காசில் வாங்கித் தின்ற வேர்க்கடலையின் உப்பு காயாத விரலால், ஒரே ஒரு விசையைத் தட்டி, ராக்கெட்டில் ஏற்றிக் கொன்றேன். அப்போது எனக்குப் பதினான்கு வயது. அதே நேரத்தில் அவர் உத்திரமேரூர் ஏரிக்குக் கீழே இருக்கும் எங்கள் கழனியில் மோட்டார் போட்டுவிட்டு, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் தட்டினேன். அவ்வளவு முட்டாள்தனத்தை அந்த வயதுக்குள் சேர்த்துவைக்க உழைப்பு வேண்டும். படிப்பில் காட்டாத உழைப்பை நான் அதில் காட்டியிருக்கிறேன்.

அந்தக் கோடையை நினைத்தால் மூக்கில் முதலில் ஏறுவது யூரியா வாசனை. கடைத்தெருவில் உரக்கடைக்கு மேல் மாடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் புதிதாக வந்திருந்தது. செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போனால் ஏசியின் சில்லிப்பு, தரைவிரிப்பின் புழுக்கம், கீழேயிருந்து படியேறி வரும் உரமும் பூச்சிமருந்தும் கலந்த நெடி எல்லாம் சேர்ந்து அடிக்கும். எங்களைப் பொறுத்தவரை விஞ்ஞானத்தின் வாசனை அதுதான். மூன்று மேஜை, மூன்று பெட்டி, அவற்றுக்கு மூன்று பிளாஸ்டிக் உறை, எல்லாவற்றையும் கட்டி மேய்க்க மெட்ராஸில் படித்துவிட்டு வந்த ஓர் இளைஞர். அவரை ஊரே "கம்ப்யூட்டர் சார்" என்றது.

அங்கே நான் படிக்கப் போகவில்லை, துணைக்குப் போனேன். அக்கா புவனேஸ்வரி பிளஸ் டூ எழுதி முடித்திருந்தாள். ரிசல்ட் வருவதற்குள் "கம்ப்யூட்டர் கிளாஸ்" போக ஆசைப்பட்டாள். எங்கள் வீட்டில் ஆசைப்படுவது சுலபம், அனுமதிதான் பெரியப்பாவிடம் இருந்து வரவேண்டும். அப்பா தனியார் பஸ்ஸில் கண்டக்டர். வீட்டுக்குள் வந்தால் அவரும் பயணிதான், டிரைவர் பெரியப்பா. பெண்டாட்டியை இழந்து, பிள்ளை இல்லாமல், தம்பி குடும்பத்தையே தன் குடும்பமாக வைத்திருந்த மனிதர். கெட்டவர் இல்லை. "போவட்டும், தனியா வாணாம். பாபுவ இட்டுக்கினு போவட்டும்" என்றார். அப்படித்தான் ஒரு பெண்ணைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் வந்தது.

சாருக்கு அடிக்கடி காஞ்சிபுரத்தில் வேலை வரும். அப்போதெல்லாம், "டைப்பிங் முடிச்சிட்டு இத்த பாத்துக்கினு இருங்க" என்று ஒரு பிளாப்பியைப் போட்டுவிட்டுப் போவார். அதில்தான் அந்த விளையாட்டு இருந்தது. ஒரு நாட்டின் விண்வெளி நிலையத்தை நாம் நடத்த வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சர்க்கார் பணம் தரும். ராக்கெட் செய்யலாம், ஆளில்லாமல் அனுப்பிப் பார்க்கலாம், ஆட்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுக்கலாம். ஒவ்வொரு சோதனைக்கும் ராக்கெட்டின் நம்பகம் இத்தனை சதவீதம் என்று ஏறும். எதிரி நாட்டுக்கு முன்னால் நிலாவில் கால் வைத்தால் ஜெயம்.

"இன்னாக்கா இது, சுடறதுக்கு ஒண்ணுமே இல்ல" என்றேன். அக்காவுக்கோ அது ஒரே நாளில் பிடித்துப்போனது. நாற்பது பக்க நோட்டு ஒன்றில் கோடு போட்டு, எந்த ராக்கெட் எத்தனை சோதனை, எங்கே பழுது, அடுத்து என்ன என்று எழுத ஆரம்பித்தாள். வீட்டில் அரிசி களைகிறபோதும் உதடு முணுமுணுத்துக்கொண்டிருக்கும். அம்மா சாமி சுலோகம் என்று நினைத்தாள்.

விண்வெளி வீரர்களுக்கு நாமே பெயர் வைக்கலாம் என்று தெரிந்ததும்தான் எனக்கு உயிர் வந்தது. எங்கள் ஊர்க் கோயில் சுவரில், ஓலையில் பேரெழுதிக் குடத்தில் போட்டு ஆள் தேர்ந்தெடுத்த விவரம் கல்லிலே வெட்டியிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் வருடாவருடம் வரிசையாக அழைத்துப்போய்க் காட்டுவார்கள். சரி, நாமும் முறைப்படி செய்வோம் என்று சாரின் தண்ணீர்ச் சொம்பில் சீட்டுப் போட்டோம். கணக்கு வாத்தியார், மளிகைக்கடைக்காரர், பால்காரர் என்று ஊரில் பாதிப் பேர் சொம்புக்குள் இருந்தார்கள்.

"பெரியப்பா பேரு வாணாண்டா" என்றாள் அக்கா.

"சொம்மா ஒரு இதுக்குதானேக்கா."

அதற்கு முந்தின வாரம்தான், ஏரியில் குளித்ததற்காகப் பெரியப்பா என்னைப் புளியம் விளாரால் விளாசியிருந்தார். அந்தக் கோபத்தில் அவர் பெயரை மூன்று சீட்டில் எழுதிப் போட்டேன். கல்வெட்டு இருக்கும் ஊரில் கள்ளவோட்டு. முதல் சீட்டிலேயே வந்தார் வி. வேதாசலம். அவரோடு கணக்கு வாத்தியாரும் மளிகைக்கடைக்காரரும்.

மே மாதக் கடைசியில் எங்கள் பெரிய ராக்கெட் தயாராகி நின்றது. எதிரி நாடும் நெருங்கி வந்துகொண்டிருந்தது.

"எழுவத்தோரு பர்சென்ட்தான் கீது" என்றாள் அக்கா. "தொண்ணூறு வர்ற வரிக்கும் ஆள ஏத்தக் கூடாது. இன்னும் ரெண்டு தபா காலியா வுட்டுப் பாக்கலாம்."

"அதுக்குள்ள அவன் நெலாவுக்குப் பூடுவான்க்கா!"

"போனா போறான். நம்பாளு சாவக் கூடாது."

சொல்லிவிட்டு, சார் வைத்த டைப்பிங் பரீட்சைக்காக அடுத்த மேஜைக்குப் போனாள். அவள் விரல்கள் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தபோதுதான் நான் தட்டினேன். ராக்கெட் ஏறியது. திரையில் என் உள்ளங்கை உயரம் போயிருக்கும். அப்புறம் புகை. பிறகு கறுப்புத் திரை, மூன்று பெயர்கள். எனக்கு வந்த சிரிப்பில் நாற்காலி ஆடியது. இதை என் கூட்டாளிகளுக்குக் காட்டாமல் எப்படி என்று பிரிண்டரையும் தட்டினேன். அது ஊரைக் கூட்டுவதுபோல் கீச்சிட்டுக்கொண்டு, இரண்டு ஓரத்திலும் ஓட்டை போட்ட நீளத் தாளைத் துப்பியது. மேலே "டைரக்டர்: புவனேஸ்வரி". கீழே வரிசையாகப் பெயர்கள். பெரியப்பா பெயருக்கு நேரே ஆங்கிலத்தில் "கில்ட்", அதாவது கொல்லப்பட்டார்.

அக்கா எழுந்துவந்து திரையைப் பார்த்தாள். திட்டவில்லை. "அத்த கிழிச்சிப் போட்றா" என்றாள். போடுகிறேன் என்று சட்டைப்பையில் மடித்துவைத்தேன். வைத்ததை மறந்தும் போனேன்.

துணி துவைக்கும்போது அம்மா கையில் அது கிடைத்தது. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் மகளின் பெயர் ஆங்கிலத்தில் எப்படி இருக்கும் என்பதைப் பள்ளிக்கூடத் தாள்களில் பார்த்துப் பார்த்து, கோலத்தை மனதில் வைப்பதுபோல வைத்திருந்தாள். கம்ப்யூட்டரில் அடித்த தாள், மேலே மகள் பெயர்; அது சர்டிபிகேட் அல்லாமல் வேறென்ன? ஈரம் படாமல் எடுத்து, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, சாமி படத்துக்கு முன்னால் வைத்து, வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருந்தாள்.

ரிசல்ட் வந்திருந்தது, அக்கா நல்ல மார்க். காஞ்சிபுரத்தில் ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. கணக்குக்கு விண்ணப்பம் வாங்கியாகிவிட்டது. கையெழுத்துதான் பாக்கி. அப்பா போட்டிருக்கலாம், "அண்ணன் போடட்டும், அதான் மொற" என்று விட்டார். வெள்ளிக்கிழமை காலை, பெரியப்பா நாஷ்டா முடித்துக் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்ததும், அம்மா என் கையில் ஒரு தட்டைக் கொடுத்தாள். வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், விண்ணப்பம், மேலே மஞ்சள் தடவிய தாள். புருஷனின் அண்ணன் எதிரில் நின்று அம்மா பேசமாட்டாள், கதவுக்குப் பின்னாலிருந்து, "பாபு, பொண்ணு சர்டிபிகேட் வாங்கிக்கினு வந்துகீதுன்னு சொல்லு. பாத்துட்டு ஒரு கையெழுத்து போடச் சொல்லு" என்றாள்.

பாதி வழியில்தான் அந்த ஓரத்து ஓட்டைகளைப் பார்த்தேன். தட்டைக் கவிழ்த்திருக்கலாம். தாளை வாயில் போட்டு மென்றிருக்கலாம். அதைவிட மோசமானதையெல்லாம் தின்றிருக்கிறேன். கால் மட்டும் நிற்காமல் நடந்து போய்ச் சேர்ந்தது.

பெரியப்பா பழைய எஸ்.எஸ்.எல்.சி. படித்தவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரல் வைத்துப் படித்தார். தன் பெயரைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "அட, என் பேரக்கூடப் போட்டுகீறாங்களே!" என்றார் அப்பாவைப் பார்த்து. பிறகு விரல் வலப்பக்கம் நகர்ந்தது. அங்கேயே நின்றது.

"இன்னாடா இது?"

"வெளையாட்டு பெரியப்பா."

"நான் செத்துட்டன்னு போட்டுகீது."

"ராக்கெட்டு வெடிச்சிடிச்சி பெரியப்பா, அதுல..."

"யார்ரா வெடிக்க வெச்சது? மேல டைரக்டருன்னு யார் பேருடா கீது?"

"அக்கா பேரு" என்றேன்.

அது பொய் இல்லை. பொய்யாக இருந்திருந்தால் என்றைக்காவது மாட்டிக்கொண்டிருப்பேன். அக்கா பின்கட்டு வாசற்படியில் நின்றிருந்தாள். "இவன்தான்" என்று அவள் சொல்லட்டும் என்று நான் காத்திருந்தேன். நான் சொல்லட்டும் என்று அவள் காத்திருந்தாள். அப்பா முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியப்பா கத்தவில்லை. விண்ணப்பத்தைத் தட்டிலேயே திருப்பிவைத்தார். "செத்தவன் எப்பிட்றா கையெழுத்து போடுவான்?" என்றார்.

அவருக்கு அது கோபம் இல்லை, பயம் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. அந்தத் தையில் ஒருநாள் நெஞ்சு வலிக்கிறது என்று கழனியிலிருந்து பாதியில் வந்தவர் அவர். கையால் எழுதியிருந்தால் கிழித்துப் போட்டிருப்பார்; அச்சில், அதுவும் கம்ப்யூட்டர் அடித்துக் கொடுத்ததை எப்படி நம்பாமல் இருப்பது? ஜோசியரைப் பார்த்தார். கையில் கயிறு கட்டிக்கொண்டார். கழனிக்குப் போகவில்லை; நாற்காலியிலேயே உட்கார்ந்து தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா கதவுக்குப் பின்னால் நின்று அழுதாள். விண்ணப்பம் சாமி மாடத்தில் இருந்தது.

தினமும் காலையில் எழுந்ததும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்வேன். நான்தான் தட்டினேன், நான்தான் மூன்று சீட்டு எழுதினேன், அக்கா வேண்டாம் என்றாள். மூன்றே வாக்கியம். விளார் ஞாபகம் வரும். சாயந்திரம் சொல்லிக்கொள்ளலாம் என்று தோன்றும். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் எப்படி வந்தது என்றே தெரியவில்லை. அன்றைக்கு அக்கா காலையிலேயே குளித்துத் தலைபின்னி, நல்ல பாவாடை தாவணி கட்டிக்கொண்டு, கூடத்தில் சும்மா நின்றாள். காஞ்சிபுரம் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அடுத்ததும் போனது. மத்தியானம் அவளே போய்த் தாவணியை மாற்றிக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள்.

ஒரு மாதம் கழித்துக் கடைத்தெருவில் சாரைப் பார்த்தேன். "அக்கா ஏண்டா வர்றதில்ல?" என்றார். ஒடம்பு சரியில்லை என்றேன். "அவங்க ஆட்டத்த அப்பிடியே வெச்சிருக்கேன். வெடிச்சதுக்கு முன்னாடி அவங்க பத்திரப்படுத்தி வெச்சது. வந்தாங்கன்னா அங்கருந்தே ஆடலாம். ஆனா பிளாப்பில எடம் பத்தலடா. அழிச்சிடட்டுமா?"

"அழிச்சிடுங்க சார்" என்றேன்.

அடுத்த தையில் அக்காவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு வாலாஜாபாத்தில் ரைஸ் மில். பெரியப்பா முன்னால் நின்று நடத்தினார், மண்டபத்தில் அவரைப்போல ஓடியாடியவர் எவருமில்லை. ராக்கெட் வெடித்துச் செத்த பிறகு இருபத்திரண்டு வருடம் இட்லியும் கறிக்குழம்பும் சாப்பிட்டு வாழ்ந்த விண்வெளி வீரர் உலகத்தில் அவர் ஒருவர்தான். செத்தபோதும் தூக்கத்தில்தான் செத்தார்.

இன்றைக்கு அந்த மாடியில் பெண்களுக்கான அழகு நிலையம் இருக்கிறது. கீழே உரக்கடை போய்ச் செல்போன் கடை. பிளாப்பி என்றால் என்னவென்று என் மகனுக்குப் படம் வரைந்து காட்ட வேண்டியிருக்கிறது. அந்த விளையாட்டு மட்டும் சாகவில்லை. இணையத்தில் யாரோ சும்மாவே கொடுக்கிறார்கள். இறக்கிவைத்து ஆடிக்கொண்டிருக்கிறேன். நாற்பதைத் தாண்டிய ஆள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தொண்ணூறு வரும்வரை ஆளை ஏற்றுவதே இல்லை. வந்தாலும் பயம், தொண்ணூற்றைந்து வரட்டும் என்கிறேன். என் ஆட்சியில் இதுவரை ஒருவரும் சாகவில்லை. ஒருவரும் நிலாவுக்குப் போகவும் இல்லை. எப்போது நிற்க வேண்டும், எப்போது கிளம்ப வேண்டும் என்று பார்த்தவுடன் சொல்லத் தெரிந்த ஒரு மூளை எங்கள் வீட்டில் இருந்தது. அது வாலாஜாபாத்தில் முப்பது வருடமாக நெல் ஊறவைக்கும் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

இத்தனையும் தெரிந்தவன் என்ன செய்தேன் தெரியுமா? இதையே ஒரு வேடிக்கைக் கதையாக்கிக்கொண்டேன். சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்றால் மைக்கைப் பிடித்து, பெரியப்பா விரல் வைத்துப் படித்ததையும் "அட, என் பேரக்கூட" என்றதையும் நடித்துக் காட்டுவேன். சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். விண்ணப்பம் அந்தக் கதையில் வராது. போன ஆவணியில் அக்கா மகள் கல்யாண வரவேற்பிலும் சொன்னேன். மாப்பிள்ளை வீட்டாருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தக் குஷியில், பந்தியில் சாம்பார் வாளியோடு நின்றிருந்த அக்காவிடம் போய், "இன்னாக்கா, எப்பிடி இருந்திச்சி?" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த இலைக்குக் குனிந்து ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "எனக்கு ஒரு தபா கூட சிரிப்பு வந்ததில்லடா."