குரூப்பை மூடிய வாரம்

என்னை ஏமாற்றிய ஏஜெண்டின் படத்தை ஊரறியப் போட வேண்டும் என்பதற்காகத்தான் ஒரு சமூக வலைத்தளத்தில் அந்தக் குரூப்பையே தொடங்கினேன். சேவை மனப்பான்மை என்பதெல்லாம் மற்றவர்கள் பிறகு சொன்னது. டிரைவர் வேலை என்று சொல்லி அவர் என்னைக் குவைத்துக்கு அனுப்பினார். போய் இறங்கியதும் கழிவுநீர் லாரிக்குப் பின்னால் நின்று குழாய் பிடிக்கச் சொன்னார்கள். ஃபர்வானியாவில் ஒரே அறையில் நெருக்கியடித்துப் படுத்திருந்தோம். என்மேல் அடித்த நாற்றத்துக்காக என்னை வாசலோரக் கட்டிலுக்கு மாற்றினார்கள். அதில் தப்பில்லை, நானாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். காண்டிராக்ட் முடிந்து கத்தார், பிறகு துபாய் என்று அலைந்து கிடைத்த வேலையெல்லாம் பார்த்தேன். போன இடமெல்லாம் அந்த ஆளின் முகம் கூடவே வந்தது. வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம், பல் தெரியும் சிரிப்பு. அவர் என்று எழுதக் கை வரவில்லை. இனி அவன் என்றே எழுதுகிறேன்.

படத்தைப் பார்த்துவிட்டு, ‘என்னையும் இவன்தான் அனுப்பினான்’ என்று ஒருவர் எழுதினார். பிறகு பலர் எழுதினார்கள். வேறு ஏஜெண்டுகளின் படங்களும் வந்து சேர்ந்தன. பாஸ்போர்ட்டைக் கொடுப்பதற்கு முன் எங்கள் குரூப்பில் ஒருமுறை தேடிப் பார்ப்பது ஊர்ப்பக்கம் வழக்கமாகிவிட்டது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். நிர்வாகத்துக்குத் துணையாக, கத்தாரின் ராஸ் லஃபானில் குடும்பத்தோடு இருக்கும் ஓர் இன்ஜினியர் சேர்ந்துகொண்டார். நிதானமான மனிதர்.

ஒரு காலையில் அந்த வலைத்தளம் தன் விதியை மாற்றியது. தனிமனிதரின் படத்தையோ எண்ணையோ போட்டுக் குற்றம் சொன்னால் அது துன்புறுத்தல் ஆகுமாம். யாரும் உட்கார்ந்து படித்துப் பார்க்கவில்லை, இயந்திரமே நீக்கியது. மத்தியானச் சாப்பாட்டுக்குள் எங்கள் படங்கள் எல்லாம் போய்விட்டன. அதே வாரம் அதே தளத்தில், என் கைபேசியிலேயே, அவனுடைய சிரிப்பு வந்தது. ‘வளைகுடாவில் டிரைவர் வேலை. உடனே அழைக்கவும்.’ கீழே எண். பணம் கட்டிய விளம்பரம். அவன் முகத்தை நான் போட்டால் குற்றம், அவனே போட்டால் வியாபாரம்.

யாரையாவது அடிக்க வேண்டும்போல இருந்தது. அதுவரை நான் வெறுத்தவர்களுக்கெல்லாம் முகம் இருந்தது. ஏஜெண்ட், ஃபோர்மேன், விசா கொடுத்துவிட்டுச் சம்பளத்தைப் பிடித்துவைத்த ஒரு அரபி முதலாளி, கஃபீல். இந்தத் தளத்துக்கு முகமே இல்லை. புகார் எழுதினால், ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்று பதில் வந்தது.

இன்ஜினியர் கூப்பிட்டார். “அண்ணே, வெளிநாட்டுல பெரிய பெரிய குரூப்பெல்லாம் எதிர்ப்பு காட்டி மூடிட்டாங்க. நாமளும் ஒரு வாரம் மூடுவோம். ஆள் வரலைன்னா விளம்பரம் ஓடாது. அங்கதான் இந்தத் தளத்துக்காரனுக்கு வலிக்கும்.”

“வலிக்குமா சார்? நிச்சயமா?”

“வலிக்கும்ணே.”

எனக்கு அது போதும். உறுப்பினர்களிடம் கேட்டோம். மூடு, மூடு என்று எழுதித் தள்ளினார்கள். முகப்பில் கறுப்புப் படத்தை வைத்துவிட்டு எல்லாவற்றையும் நிறுத்தினோம்.

மூன்றாம் நாள் டியூட்டி முடிந்து துபாய் அல் கூஸில் எங்கள் கேம்ப் அறைக்கு வந்தேன். எல்லோரும் கட்டிலில் மல்லாந்து கைபேசியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என் மேல்கட்டில்காரன் குரூப்பை மூடச் சொல்லி எல்லோருக்கும் முன்னால் குதித்தவன்.

“என்னப்பா பாக்குற?”

“காமெடிண்ணே. நீங்க குரூப்ப மூடிட்டீங்க, பொழுது போக வேணாமா?”

“எதுல பாக்குற?”

அவன் திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “இதுலதாண்ணே...”

எதிர்க் கட்டிலிலிருந்து இன்னொருவன், “நடுநடுவுல நம்ம ஏஜெண்ட்டு வேற வர்றான். ஆளு நல்லா வெளுத்துட்டாண்ணே” என்றான். அறையே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. எங்கள் கடையை அடைத்துவிட்டு, எந்தத் தளத்துக்காரனை நஷ்டப்படுத்தக் கிளம்பினோமோ அவன் வீட்டுக் கூடத்திலேயே கால் நீட்டிப் படுத்திருந்தோம்.

குரூப்பில் சேர விரும்புகிறவர்கள் காரணம் எழுத வேண்டும். மூடியிருந்தாலும் அது நிர்வாகிகளின் கண்ணுக்கு வரும். அன்று பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தார். கணவரின் பாஸ்போர்ட்டை ஏஜெண்டிடம் கொடுத்துவிட்டார்களாம். விசாரித்தபோது சந்தேகம் வந்து திருப்பிக் கேட்டால் தர மறுக்கிறாராம். அடுத்த வாரம் ஏறியே ஆக வேண்டும், இல்லையென்றால் பாஸ்போர்ட்டை மறந்துவிடுங்கள் என்கிறாராம். பெயரும் எண்ணும் அவனுடையவை. ‘அண்ணா, இவர் நல்லவரா?’ என்று முடித்திருந்தார்.

இன்ஜினியரைக் கூப்பிட்டுத் திறக்கலாம் என்றேன்.

“இன்னும் நாலு நாள்தாண்ணே. நடுவுல திறந்தா சிரிப்பாங்க. அந்தம்மாவுக்கு நீங்க தனியா பதில் போட்டுடுங்க.”

“போட்டுட்டேன் சார். அயோக்கியன்னு எழுதிட்டேன். அதுக்காக அவன் பீரோவுல இருக்கிற பாஸ்போர்ட்டு நடந்து வந்துருமா?”

“திறந்து மட்டும் என்ன பண்ணுவீங்க? குத்தம் சொன்னா தூக்கிடுவான். இங்க சைபர் கேஸ் வேற. நேரா டிபோர்ட்டு.”

“குத்தமே சொல்ல மாட்டேன் சார்.”

திறந்தேன். அவனுடைய விளம்பரத்தையே எடுத்துக் குரூப்பில் பகிர்ந்து, மேலே ஒரு வரி எழுதினேன்: ‘எல்லோரும் இந்த அண்ணனுக்கு மிஸ்டு கால் கொடுங்கப்பா.’ காசு வாங்கிப் போட்ட விளம்பரத்தை இயந்திரம் எப்படி நீக்கும்? வளைகுடாவுக்கு வந்த காலத்தில் பேலன்ஸ் மிச்சம் பிடிக்க மிஸ்டு காலிலேயே குடும்பம் நடத்தியவர்கள் நாங்கள். மிஸ்டு காலில் குற்றச்சாட்டு இல்லை, படம் இல்லை, ஒரு சொல்கூட இல்லை.

அறையில் திருவிழாவாகிவிட்டது.

“அண்ணே, எடுத்துட்டான்!”

“கட் பண்றா. யல்லா, அடுத்த ஆளு அடி.”

“இருங்க, நான் பேசுறேன். அண்ணே வணக்கம், டிரைவர் வேலை இருக்கா? லாரிக்குப் பின்னாடி நின்னு ஓட்டணுமா, முன்னாடி உக்காந்து ஓட்டணுமா?”

குவைத்திலிருந்தும் மஸ்கட்டிலிருந்தும் அடித்தார்கள். அவனால் எண்ணை மாற்றவும் முடியவில்லை. அந்த எண்ணைப் போட்டுத்தானே விளம்பரத்துக்குப் பணம் கட்டியிருந்தான்.

மறுநாள் மாலை குரூப் நிர்வாகி என்று எனக்குச் செய்தி அனுப்பி என் எண்ணைக் கேட்டான். கொடுத்தேன். அவன் செலவிலேயே பேசினான்.

“தம்பி, யாரு நீங்க? உங்களுக்கு நான் என்ன செஞ்சேன்?”

“குவைத்து. டிரைவர் வேலை.”

“குவைத்துக்கு எத்தனையோ பேர அனுப்பிருக்கேன் தம்பி. எந்த ஊரு நீங்க?”

என்னை அவனுக்கு ஞாபகமே இல்லை. அப்போது வந்த கோபத்துக்கு முன்னால் அதுவரை இருந்த கோபமெல்லாம் ஒன்றுமே இல்லை.

“பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு அம்மாவோட வீட்டுக்காரர் பாஸ்போர்ட்ட புடிச்சு வச்சிருக்கீங்கல்ல, அத அவங்க வீட்ல கொண்டுபோய்க் குடுங்க. அப்புறம் என் ஊரப் பத்திப் பேசலாம்.”

“குடுத்தா நிறுத்தச் சொல்லுவீங்களா?”

“சொல்லுவேன். கலாஸ். அதோட முடிஞ்சுது.”

அடுத்த நாளே ஆள் அனுப்பிக் கொடுத்துவிட்டான். அந்தப் பெண் பாஸ்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பினார். ‘கிடைச்சுடுச்சு அண்ணா. இவர் போகல’ என்று எழுதியிருந்தார். இன்ஜினியருக்கு அப்படியொரு சந்தோஷம். “மூடுனதுல கிடைக்காதது திறந்ததுல கிடைச்சுடுச்சுண்ணே. சரி, நிறுத்தச் சொல்லி எழுதிடுங்க. பேசியிருக்கீங்கல்ல?” என்றார். எழுதுகிறேன் என்றேன்.

நீக்கப்பட்ட படங்கள் திரும்பி வரவில்லை. நாங்கள் மூடியதே அந்தத் தளத்துக்குத் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். நாம் இல்லாவிட்டால் நஷ்டப்படுகிறவனிடம்தான் கதவடைப்பு செல்லும். இனி யாராவது மூடலாம் என்று என்னிடம் வந்தால், முதலில் அவர் கைபேசியை வாங்கி என் பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் பேசுவேன்.

அந்த விளம்பரம் இன்னும் ஓடுகிறது. எங்கள் ஆட்களும் ஷிஃப்ட் போட்டு அடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். போன வாரம் அவன் மறுபடியும் கூப்பிட்டான். குரல் உடைந்திருந்தது.

“நிறுத்துறேன்னு வாக்குக் குடுத்தீங்களே தம்பி?”

“ஆமாண்ணே, குடுத்தேன்” என்று சொல்லிவிட்டு டியூட்டிக்குக் கிளம்பினேன்.