அரை நோன்புக்காரி

அந்த வருஷம் முப்பது நோன்பையும் முழுசாகப் பிடிப்பது என்று நான் முடிவு கட்டியிருந்தேன். எனக்கு ஒன்பது வயது. அடுத்த வீட்டு மாமியின் மகளுக்கும் ஒன்பதுதான். ஆனால் அவள் முந்திய வருஷமே இருபத்திரண்டு பிடித்துவிட்டு, அதைப் பெருநாள் சட்டை மாதிரி எல்லாருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தாள். என்னிடம் இருந்தது வெறும் பதினொரு அரை நோன்பு. பகல் பாங்கு வரைக்கும் பசியோடு இருந்துவிட்டு, பிறகு வயிறு முட்டச் சாப்பிடுவதற்கு எங்கள் வீடுகளில் வைத்திருக்கும் மரியாதையான பெயர் அது.

தலைப்பிறை கண்ட இரவு வாப்பா என்னைக் கூப்பிட்டார். கெலிஓயா டவுனில் ஆணியும் பெயின்டும் விற்கிற கடை அவருடையது. பேச்சையெல்லாம் கடையிலேயே விற்றுத் தீர்த்துவிட்டு வீட்டுக்கு வருகிறவர்.

"மகள், இந்த முறையும் நீங்க அர நோம்புதான். லுஹர் பாங்கு சென்னதும் உம்மாவோட ஒக்காந்து சாப்பிடோணும். உம்மா முடிக்கும் வரைக்கும் எழும்பப் படாது."

"எனக்கு முழுசா ஏலும் வாப்பா!"

"ஏலாது, நீங்க இன்னம் சின்னம். உங்களுக்குத் துணையா உம்மாவும் இந்த முறை நோம்பு புடிக்கிற இல்ல."

என்னால் உம்மாவின் நோன்பும் போகிறதா! அழுதேன். ஒன்றும் நடக்கவில்லை.

உம்மாவுக்குச் சுகமில்லை என்பது எனக்குத் தெரியும். என்ன சுகமில்லை என்பதுதான் தெரியாது. காய்ச்சல் இல்லை, கட்டுப் போட்ட கால் இல்லை. சாப்பிடத்தான் மாட்டார். எங்களுக்கெல்லாம் போட்டுவிட்டு, "நான் பொறகு திங்கிறன்" என்பார். அந்தப் பிறகு வரவே வராது. ரமழான் போதாதென்று திங்களும் வியாழனும் நோன்பு பிடிப்பார். "இப்பிடிப் பேணுதலான பொம்புளய நான் கண்டதே இல்ல" என்று மாமிகூடச் சொல்லியிருக்கிறார். மாமியிடம் ஒரு நல்ல வார்த்தை வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை. இப்படித் தெருவே மெச்சிக்கொண்டிருந்த உம்மா, ஒரு நாள் கண்டி பஸ்ஸில் ஏறப்போய், படியிலேயே மயங்கி விழுந்தார்.

ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் வைத்திருந்தார்கள். அந்த ஒரு மாதமும் நான் வத்தேகமவில் உம்மாவின் தங்கச்சி, என் சாச்சி வீட்டில் இருந்தேன். சாச்சி தங்கமானவர்தான். ஆனால் அவர் தலை பின்னிவிட்டால் கண் இரண்டும் காதுப் பக்கம் போய்விடும்.

உம்மாவோடு ஒரு தாளும் வீட்டுக்கு வந்தது. மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் மூன்று சின்னச் சாப்பாடு என்று எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தார்கள். நோன்பு கூடவே கூடாது என்று டொக்டர் சொன்னதையும், நோயாளிக்கு அது கடமையில்லை என்று மௌலவி சொன்னதையும் எனக்கு யாரும் சொல்லவில்லை. பதினைந்து நாளைக்கு ஒருமுறை எடை பார்ப்பார்கள், குறைந்தால் உம்மா திரும்ப வார்டுக்கு, நான் திரும்ப வத்தேகமவுக்கு. இதை மட்டும் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருந்தேன். அந்த எடைக்கும் என் பகல் சாப்பாட்டுக்கும் ஒரு தொடர்பு இருக்கலாம் என்று என் புத்திக்கு எட்டவில்லை.

நோன்புக்காகப் பள்ளிக்கூடம் பூட்டியிருந்தது. பகல் பாங்கு சொன்னதும் உம்மா குசினி ஜன்னலின் திரையை இழுத்துவிடுவார். ஒரே அளவான இரண்டு பீங்கானில் சோறு, பருப்பு, ஆளுக்கொரு முட்டை. நான் ஐந்து நிமிஷத்தில் துடைத்துவிடுவேன். உம்மாவுக்கு முக்கால் மணித்தியாலம் வேண்டும். சில நாள் தன் முட்டையைப் பிய்த்து என் பக்கம் கொண்டுவருவார். பாதி வழியில் கை நிற்கும், பிறகு திரும்பிப் போகும்.

"கதை செல்லுங்க மகள்" என்பார். நான் வாய் ஓயாமல் அளப்பேன். உம்மா சோற்றைப் பார்க்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டு சாப்பிடுவார். பல வருஷம் கழித்து, என் மகளுக்கு முதல் சோறு ஊட்டிய அன்று உம்மாவே சொன்னார்: "சோத்தப் பாத்தா எனக்குப் பயம். உங்கட வாயப் பாத்தாப் பயமில்ல."

பதின்மூன்றாம் நோன்பன்று மாமியின் மகள் வேலிக்கு மேலால் எட்டிக் கேட்டாள்: "ஏய் அர நோம்புக்காரி, பள்ளிவாசல் கஞ்சியும் ஒனக்கு அரக் கோப்பதானா?"

பொறுக்க முடியவில்லை. மறுநாள் பாங்குக்கு முன்னாலேயே மாமி வீட்டு மேல்மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். உம்மா இரண்டு தரம் கூப்பிட்டது கேட்டது. மூச்சுக் காட்டவில்லை. பின்னேர அஸர் பாங்கும் போய், கடை பூட்டி வாப்பா படலையைத் திறக்கிற சத்தம் கேட்டபோதுதான் இறங்கினேன். நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. நடையோ ராஜநடை.

குசினியில் இரண்டு பீங்கானும் அப்படியே மூடிக் கிடந்தன. உம்மா அதே கதிரையில் இருந்தார். வாப்பா மூடியைத் தூக்கிப் பார்த்தார். நாளை மறுநாள் எடை பார்க்கிற நாள்.

"மகள், கை கழுவிட்டு வாங்க."

"இன்னம் ஒரு மணித்தியாலந்தான் வாப்பா!"

"வாங்கன்டு சென்னேன்."

அப்போதுதான் உம்மா வாய் திறந்தார். "வேணாம். புள்ள இவ்வளவு நேரம் புடிச்சிட்டாள். முறிக்க வெக்காதீங்க."

"அப்ப நீங்க?"

உம்மா தன் பீங்கானை இழுத்தார். சோறு காய்ந்துபோயிருந்தது.

"சூடாக்கித் தரட்டா?" என்றார் வாப்பா.

"நீங்க சூடாக்கி முடியக்குள்ள எனக்கு ஏலாமப் போகும்."

முதல் கவளம் வாய்க்கும் பீங்கானுக்கும் நடுவில் நெடுநேரம் நின்றது. பார்ப்பதற்கு அன்று என் வாயும் அசையவில்லை. "கதை செல்லுங்க மகள்" என்றார். தண்ணீர்த் தாங்கியில் குளிக்க வந்த காகத்தின் கதையைச் சொன்னேன். காகம் தீர்ந்ததும் அதற்கு ஒரு குடும்பத்தை உண்டாக்கிச் சொன்னேன். வாப்பா திரை போட்ட ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். முட்டை உட்பட எல்லாவற்றையும் உம்மா தனியாகவே சாப்பிட்டு முடித்தார். வாப்பா அந்தப் பீங்கானை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போனார்.

மாமி கஞ்சியும் மகளுமாக வந்து சேதி கேட்டதும் ஊரைக் கூட்டினார். "அல்லாஹ்வே! முழு நோம்பா? எடுங்கடி பெரிய கோப்பய!" மாமியின் மகளின் முகத்தைப் பார்க்க எனக்கு இரண்டு கண் போதவில்லை. அன்று எங்கள் வீட்டில் பெரிய காரியம் செய்தவள் நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வாப்பாவைத்தான் காணவில்லை. ஒரு பீங்கானைக் கழுவ இவ்வளவு நேரமா என்று குசினிக்குள் எட்டிப் பார்த்தேன். குழாய் ஓடிக்கொண்டிருந்தது. முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். "வாப்பா" என்றேன், திரும்பவில்லை. என்மேல் கோபம் இன்னும் ஆறவில்லை போலும் என்று நினைத்து, எனக்குக் கிடைத்த இரண்டு ஈத்தம்பழத்தில் பெரியதை அவருக்கென்று ஒதுக்கி வைத்துவிட்டு, பாங்கு சொல்லும்வரை காத்திருந்தேன்.