மூன்று கிண்ணச் சோறு

என் மைத்துனர் மகளுக்கு வந்த வேலைக் கடிதத்தில் போட்டிருந்த தேதி ஒரு வெள்ளிக்கிழமை. பத்து நாளுக்குள் பதில் அனுப்ப வேண்டும் என்று கடைசிப் பத்தியில் இருந்தது. சிங்கப்பூரில் புக்கிட் பாஞ்சாங்கில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்து, எங்கள் பிரிண்டரில் இரண்டு படிகள் எடுத்தாள். ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். நான் எந்தக் காகிதத்தையும் தொலைப்பதில்லை என்பது எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும்.

வேலை பிலிப்பீன்ஸில், நெல்லை ஆராயும் அனைத்துலக மையம் ஒன்றில். இப்படிப்பட்ட மையங்களைப் பற்றி நான் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். கோதுமைக்கு ஒன்று, உருளைக்கிழங்குக்கு ஒன்று, வறண்ட நிலத்துப் பயிர்களுக்கு ஒன்று என்று ஏழை நாடுகள் பலவற்றில் அவை இருக்கின்றன. எந்த ஒரு நாடும் அவற்றை எங்களுடையவை என்று சொல்ல முடியாது. குளிர் அறைகளில் விதைகளைச் சேர்த்து வைத்து, முறைப்படி கேட்பவர்களுக்குச் சிறு பொட்டலங்களாக அனுப்புகிறார்கள். கம்போடியாவில் போரில் தொலைந்துபோன நெல் வகைகள் பல, அப்படி ஒரு குளிர் அறையிலிருந்துதான் திரும்பிப் போயின. இரண்டு வாரம் வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தும் அழுகாமல் மறுபடி தழைக்கும் நெல்லும் இவர்கள் ஆராய்ச்சியில் கிடைத்ததுதான்.

இதையெல்லாம் மைத்துனரிடம் நான் சொன்னேன். என் மனைவியின் தம்பியான அவர் ஜாலான் புசாரில் ஆணி, திருகு, குழாய் விற்கும் கடை வைத்திருக்கிறார். பொறுமையாகக் கேட்டுவிட்டு, வயல் ஒன்றுகூட இல்லாத ஊரிலிருந்து நெல்லை ஆராய ஒருத்தி போக வேண்டுமா என்றார். மகள் இங்கேயே ஏதாவது ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தால் இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பாள். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். அவர் மனைவி முதல் நாளே சரி சொல்லிவிட்டார். மகளுக்கு இருபத்தாறு வயது. யார் அனுமதியும் தேவையில்லை. ஆனாலும் அப்பா வாய்விட்டு "போ" என்று சொல்லாமல் பதில் அனுப்ப மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். ஏழு நாள்கள் அப்படியே போயின.

எட்டாம் நாள் சனிக்கிழமை. தந்தையும் மகளும் மதியச் சாப்பாட்டுக்குக் காலையிலேயே எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அங்கே தனக்கு முதல் வேலை சோறு சமைப்பது என்று அவள் சொன்னதும் மைத்துனர் சிரித்தார். அவள் விளக்கினாள். விளைச்சல் மட்டும் போதாது. சாப்பிடுபவர்களுக்குப் பிடிக்காவிட்டால் விவசாயி அந்த நெல்லைப் பயிரிட மாட்டார். முன்பு அமோகமாக விளைந்த ஒரு நெல், ஆறினால் சோறு கெட்டியாகிவிடுகிறது என்று ஊர் ஊராகத் திட்டு வாங்கியது. அதனால் புது வகைகளைச் சமைத்து, பெயர் எழுதாமல் மூன்று இலக்க எண் மட்டும் ஒட்டி, ஆட்களை உட்கார வைத்துச் சுவைக்கச் சொல்வார்களாம்.

"எனக்கெல்லாம் நம்பர் ஒட்ட வேணாம் லா," என்றார் மைத்துனர். "என் பொன்னிய வாயில வெச்சாலே சொல்லிடுவேன்."

"சொல்லிட்டீங்கன்னா நான் போகல பா. தப்பா சொன்னா போன்னு சொல்லணும்."

அவர் என்னைப் பார்த்தார். "மச்சான், எழுதிக்குங்க."

என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். அவர் வழக்கமாகப் பொன்னி வாங்கும் லிட்டில் இந்தியா கடையிலிருந்து அவளே பொன்னியையும், ஏறக்குறைய அதே பருமனில் வேறு இரண்டு புழுங்கலரிசியையும் வாங்கி வந்தாள். தண்ணீரை அளந்து மூன்று சட்டிகளில் வடித்தாள். கிண்ணங்களில் 417, 283, 659 என்று ஒட்டினாள். பொன்னி 659. அதை அறிந்தவர்கள் சுவைப்பவர் எதிரே உட்காரக் கூடாது, முகமே காட்டிக் கொடுத்துவிடும் என்று என்னையும் இழுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். வெளியே மைத்துனரும், எது எந்த அரிசி என்று தெரியாத என் மனைவியும் மட்டும். மனைவி பேசக் கூடாது, தலையாட்டக் கூடாது என்று உத்தரவு.

இருபது நிமிடம் கழித்துக் கூப்பிட்டார்கள். மைத்துனர் சீட்டில் 283 என்று எழுதி, அடியில் கோடும் போட்டிருந்தார். நான் குறிப்பேட்டைத் திறந்து, பொன்னி 659 என்று படித்தேன். அவர் முகம் சுருங்கியது. "சரி, சொன்னா சொன்னதுதான்," என்று ஆரம்பித்தார்.

அவள் அதைக் கேட்கவில்லை. கிண்ணங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றும் விளிம்பு வரை நிறைந்திருந்தன.

"அத்தை, இதெல்லாம் எப்படி நெறஞ்சிருக்கு?"

"உங்கப்பா காலிக் கிண்ணத்த வழிச்சிக்கிட்டு இருந்தான் மா, பாக்க நல்லாவா இருக்கு? எந்தச் சட்டியில நெறைய இருந்துச்சோ அதுலேர்ந்து மூணுலயும் போட்டேன். பேசல, தலையும் ஆட்டல."

சாப்பிட வந்தவர் கிண்ணம் காலியாகும்வரை என் மனைவி சும்மா இருந்ததை நான் மணமான நாள்முதல் பார்த்ததில்லை. பேசாதே என்று சொன்ன நாங்கள் பரிமாறாதே என்று சொல்லவில்லை.

"அப்ப இது செல்லாது பா," என்றாள் அவள்.

மனைவி மறுபடி சோறு போடும் முன்பே மைத்துனர் முடிவு செய்து எழுதியிருக்கலாமே என்று நான் மெல்லச் சொன்னேன். அவரைக் கேட்டதற்கு, மூன்று முறை மாற்றி யோசித்ததாகவும் எந்த வாய்க்குப் பிறகு எழுதினார் என்று நினைவில்லை என்றும் சொன்னார்.

"தெரியாதத எப்படி மாமா எழுதுறது? அடிச்சிடுங்க."

அடித்தேன். என் குறிப்பேட்டில் அப்படி அடித்த வரி அது ஒன்றுதான்.

மைத்துனர் மூன்று கிண்ணத்தையும் ஒரே தட்டில் கொட்டி மீன் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டார். பாதி முடிந்ததும் மகளை நிமிர்ந்து பார்த்தார்.

"ஜெயிச்ச ஆட்டத்தயே அடிக்கச் சொல்றே. உன்ன மாதிரி கடையில ஸ்டாக் பாக்குற ஆளு எனக்குப் பத்து வருஷமா கெடைக்கல. போ, போய் அவங்க அரிசியப் பாரு."

அவள் எழுந்துபோய் அப்போதே என் கணினியில் பதில் அனுப்பினாள். அனுப்பிய நேரம் பிற்பகல் இரண்டு பதினேழு. என் மனைவி அவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் தொலைபேசியில் அழைக்கிறாள். மைத்துனர் கடைக்குக் குழாய் வாங்க வருகிறவர்களிடம் வெள்ளத்தில் அழுகாத நெல்லைப் பற்றிச் சொல்கிறார். வாங்க வந்தது என்ன என்பதைச் சிலர் மறந்துவிடுவதாகக் கேள்வி. நான் படித்தவரையில் பொன்னியின் மூதாதை ஒன்று, பல நாடுகள் சேர்ந்து நடத்திய கலப்பு முயற்சியில் பிறந்து, மலேசியாவில் தேர்ந்தெடுக்கப்பட்டுத் தமிழ்நாட்டுக்குப் போனது. ஜொகூர்ப் பாலத்துக்கு அந்தப் பக்கத்துச் சரக்கா என்று அவருக்கு முதலில் வருத்தம். பிறகு அதையும் வாடிக்கையாளர்களிடம் சொல்லத் தொடங்கிவிட்டார்.

போன ஞாயிறு மகள், கடையில் பொன்னி என்று விற்பதெல்லாம் பொன்னியாக இருக்கத் தேவையில்லை, ஒரு பிடி கொடுத்தால் சிங்கப்பூரில் உள்ள ஆய்வுக்கூடம் ஒன்றில் மரபணுவைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்றாள். மைத்துனர் இணைப்பு சரியில்லை என்று சொல்லி என்னிடம் தொலைபேசியைக் கொடுத்துவிட்டார். மாதிரி இதுவரை யாருக்கும் கொடுக்கப்படவில்லை. ஆகவே, அவர் சமையலறை மூட்டையில் இருப்பது பொன்னிதானா என்பது இதை எழுதும் நாள்வரை உறுதி செய்யப்படவில்லை.